வாயாடிக்கு ஓர் ஆதாரம்

வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. அப்பா வைத்த பட்டம் அது. காலையில் பல் துலக்கும்போதே வாய் நிறைய நுரையோடு ஆரம்பித்தால், போர்வைக்குள் போன பிறகும் கேட்பதற்கு ஒரு கேள்வியை மிச்சம் வைத்திருப்பாள். ஆனால் வாசற்படியைத் தாண்டி ஒரு வெளியாள் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், அந்த வாய் பூட்டிக்கொள்ளும். சாவி அவளிடமும் கிடையாது. கடைக்காரர், எதிர்வீட்டு அம்மாள், பஸ்ஸில் கூட வருகிறவர், யார் என்ன கேட்டாலும் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். திமிர் என்றார்கள் சிலர். வளர்த்த லட்சணம் என்றார்கள் சிலர். இந்த இரண்டாவது கட்சிக்குத் தலைவி வாயாடியின் சொந்த அத்தை.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒத்துழைப்பின்மை என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பாசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒரு பிள்ளையை எழுப்பி, முந்தின நாள் வீட்டில் நடந்ததை எல்லோருக்கும் சொல்லச் சொல்வாள். நல்ல வழக்கம்தான், பேசுகிற பிள்ளைகளுக்கு. வாயாடியின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? பேசற வரைக்கும் நில்லு" என்றாள் ஆசிரியை. மறுநாளும் விட்ட இடத்திலிருந்தே நிற்க வேண்டியதாயிற்று. பிறகு அது அந்த வகுப்பின் அன்றாட வேடிக்கை ஆகிவிட்டது. ஒரு நாள் நின்ற இடத்திலேயே அவளுடைய சீருடை நனைந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஆசிரியையும் உண்டு என்பதை வாயாடி வெகு நாள் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னாள். அதைக் கேட்பதற்கு முன்பே அம்மாக்காரி அவள் பெயரை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

அம்மாக்காரி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். மகளுக்காக அந்த வேலையை விட்டாள். கடைக்காரர் நல்ல மனுஷன். ஸ்குரூ கழன்ற ஃபிரேம்கள், கால் ஒடிந்தவை, மூக்கில் உட்காரும் சின்ன ரப்பர் துண்டு தொலைந்தவை என்று எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டு, பழுது பார்க்க வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அதைப் பார்த்துக்கொண்டே மகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

முதல் சில வாரங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் வைத்துப் பார்த்தாள். கரும்பலகை வாங்கினாள். எந்த நேரத்துக்கு எந்தப் பாடம் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மணி அடிக்காதது ஒன்றுதான் பாக்கி. என்ன ஆயிற்று? அம்மா டீச்சர் ஆன நிமிடமே மகள் மறுபடியும் அந்த வகுப்பில் போய் நின்றுகொண்டாள். பாடம் முடிந்தது என்று சொன்னால்தான் வாய் திறக்கும். கேள்வி என்று எதிரே உட்கார்ந்தால் பழைய கதைதான்.

இப்படித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருத்தியின் அறிமுகம் கிடைத்தது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற குடும்பங்களுக்காக அவள் ஒரு துணைக்குழு நடத்தி வந்தாள். ஒரு நடனப் பள்ளியின் மாடி ஹாலில் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். அவளுக்கு இரண்டு மகன்கள், இருவரையும் வீட்டில் படிக்க வைத்தே ஆளாக்கியவள். பேச்சுக்குப் பேச்சு அந்த இரண்டு பேரையும் மெடல் மாதிரி எடுத்துக் குத்திக்கொள்வாள். போகட்டும். அவள் செய்த உதவியை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கல்வி அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைப் பற்றி மூச்சே விடக் கூடாது. சொந்தக்காரர்கள் பிள்ளையை மடக்கி வாய்ப்பாடு கேட்டால் பேச்சை எப்படித் திருப்புவது. அழுகை வருகிற நாளில் பாடத்தை எப்படிக் கூச்சமில்லாமல் மூடி வைப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பகலில் பிள்ளையோடு கடைக்குப் போனால், "இன்னைக்கு ஸ்கூல் லீவா?" என்று துருவுகிறவர்களுக்கு அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். "லீவெல்லாம் இல்லைங்க. இப்ப கணக்குப் பாடம் நடக்குது. மிச்சத்தைக் குடுங்க, சரியா இருக்கான்னு பாப்பா பாக்கணும்." அதைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். கூட இருப்பவர்களுக்கும் ஒரு தெம்பு வந்துவிடும்.

வாயாடியைப் பற்றிக் கேட்டதும் பெரியக்கா அம்மாக்காரியைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"எதிர்ல உக்காராதேம்மா. எதிர்ல உக்காந்தா அதுக்குப் பேர் விசாரணை. பக்கத்துல உக்காரு. அவ கையில ஒரு வேலையைக் குடு, உன் கையிலயும் ஒண்ணை வெச்சுக்க. நீயா எதுவும் கேக்காதே. பேச்சு தானா வரும்."

வந்தது. கரும்பலகை கட்டிலுக்கு அடியில் போயிற்று. சமையலறை மேஜையில் ஃபிரேம் தட்டை வைத்து, அம்மாவும் மகளும் ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். வாயாடி ஸ்குரூக்களை நீளம் பார்த்துப் பிரித்தாள், ரப்பர் துண்டுகளை ஜோடி சேர்த்தாள், துடைக்கிற துணியை நாலாக மடித்து அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். கை ஓட ஓட வாயும் ஓடியது. பெருக்கல், வகுத்தல், ஒளி ஏன் வளைகிறது, கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் கண் ஏன் சின்னதாகத் தெரிகிறது, எல்லாம் அந்தத் தட்டிலிருந்தே முளைத்தன. அம்மாக்காரிக்குத் தெரியாததை மாலையில் அப்பாவிடம் கேட்டுக்கொள்வாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் வேலை முடிந்து வந்து காலை நீட்டுவதற்குள், கயிறு எத்தனை, கதவு சாத்தாவிட்டால் மோட்டாருக்கு எப்படித் தெரியும் என்று பிடித்துக்கொள்வாள். "அட வாயாடி, என்னை மூச்சு விட விடு" என்பார். விட மாட்டாள்.

பெரியக்காவின் ஹாலில் அவள் பேசவில்லைதான். ஆனால் செருப்பு நுனியைப் பார்ப்பது நின்றிருந்தது. அந்த ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வாயாடி கதவோரம் உட்கார்ந்து அந்தக் கண்ணாடி வழியாக எல்லோரையும் பார்ப்பாள். நேராகப் பார்ப்பதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்தது. யாரும் அவளை எழுப்பி நிறுத்தவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாக்காரி அந்தச் சனிக்கிழமைகளில்தான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அலுவலர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதுதான். படி ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குடித்த தண்ணீருக்கு நன்றி சொன்னார், நோட்டுகளைப் புரட்டினார், கணக்குகளைப் பார்த்து நிஜமாகவே புருவத்தை உயர்த்தினார். எல்லாம் சரி. பிறகு நாற்காலியை இழுத்து வாயாடிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, இதெல்லாம் நீயா போட்டே? எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்றியா?"

வாயாடி ஸ்குரூக்களைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அலுவலர் காத்திருந்தார். வேறு மாதிரி கேட்டார். சிரித்துக் கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். வாயாடியின் காது மடல்கள் சிவந்துபோயின. பிரித்து வைத்த ஸ்குரூக்களை மறுபடியும் ஒன்றாகக் கொட்டி, முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அலுவலர் அம்மாக்காரியிடம் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. புத்தகமெல்லாம் நல்லா இருக்கு. ஆனா குழந்தை பேசறதை நான் என் காதால கேட்டேன்னு எழுதியாகணும். ஒரு தடவை போதும். அது இல்லைன்னா மறுபடியும் ஸ்கூல்ல சேர்க்கணும்னுதான் என்னால எழுத முடியும். இங்க பக்கத்துல இருக்கறது அந்த ஒரு ஸ்கூல்தானே?"

அந்த ஒரு பள்ளிக்கூடம்தான். அதே ஆசிரியை இன்னும் அங்கேதான் இருந்தாள்.

"எல்லாரும் வந்து பாக்கற மாதிரி உங்க குழு நடத்தற திறந்த நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. அப்ப வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அலுவலர் படி இறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் வாயாடி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அவங்க கேட்டப்ப உள்ள பதில் இருந்துச்சும்மா. வெளியில வர மாட்டேங்குது. திட்டாதே."

"யார் திட்டினா உன்னை?" என்று அணைத்துக்கொண்டாள். மகள் தூங்கியதும் பெரியக்காவுக்குப் போன் போட்டாள்.

பெரியக்கா பதறவில்லை. இப்படி எத்தனை பேரைக் கரை சேர்த்திருப்பாள்! "காதால கேக்கணும், அவ்வளவுதானே? கேட்டுட்டுப் போகட்டும். வீட்ல அவ பேசறப்ப போன்ல பதிவு பண்ணி வை. அந்தம்மாவுக்கு மட்டும் தனியா போட்டுக் காட்டிடலாம். ஆதாரம் இருந்தா யாரும் அசைக்க முடியாது."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறப்பவும் அவகிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்புவியா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பதில் இருந்திருக்கும். அம்மாக்காரிக்கும் அது வெளியில் வரவில்லை.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்தபோது, வாயாடி நாலாக மடித்து வைத்த அந்தத் துடைக்கிற துணிக்கு அடியில் அம்மாக்காரி போனைச் சொருகி வைத்தாள். கை வேலையில் இருந்தது, கேள்வி எதுவும் கேட்கவில்லை, பெரியக்கா சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகவே கடைப்பிடித்தாள். வாயாடி லிஃப்டைப் பற்றி ஆரம்பித்தாள்.

"லிஃப்ட் மேல போறப்ப பின்னாடி ஒரு கனமான கட்டை கீழ எறங்குதாம்மா. உள்ள இருக்கறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. பாவம் அது. நாம மேல இருந்தா அது கீழ இருக்கும், நாம கீழ வந்தா அது மேல போயிடும். நடு வழியில ஒரு தடவைதான் ரெண்டும் பாத்துக்கும். அப்புறம் எல்லாரும் கயிறு அறுந்தா விழுந்துடும்னு பயப்படறாங்கல்ல? விழாது. ரொம்ப வேகமா எறங்க ஆரம்பிச்சா ரெண்டு பக்கமும் இருக்கற இரும்பை ஒரு பிடி வந்து கப்புனு பிடிச்சுக்கும். அப்பா சொன்னாரு. அந்தப் பிடி சும்மாவே இருக்குமாம், வருஷக்கணக்கா. ஒரு நாளைக்காகத்தான் அது இருக்கு."

இப்படிப் பேசுகிற பிள்ளையையா ஊமை என்கிறார்கள் என்று அம்மாக்காரிக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது வாயாடி அவள் தோளில் தலையை இடித்துக்கொண்டு சொன்னாள். "இதெல்லாம் வெளியில யார்கிட்டயும் சொல்லாதேம்மா. உன்கிட்டயும் அப்பாகிட்டயும் மட்டும்தான் நான் சொல்வேன். மத்தவங்க கேட்டா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"சரிடி தங்கம்" என்றாள் அம்மாக்காரி. அந்தச் சரியும் பதிவில் ஏறியது.

பிற்பாடு, மகள் குளிக்கப் போன நேரத்தில், பதிவின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தாள். விரலால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வேண்டாம் என்று பிள்ளை தன் வாயாலேயே சொல்லியிருந்தது. பெரியக்கா சொன்னதுபோலத்தான் நடந்தது. கேட்காமலே பதில் வந்துவிட்டது. வந்த பதிலை வெட்டியும் ஆயிற்று. புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், வெட்டியதை மட்டும் சொல்லவில்லை. "எனக்கு மனசு ஒப்பல" என்றார் அவர். "அப்ப நீங்க வேற வழி சொல்லுங்க" என்றாள்.

திறந்த நாள் வந்தது. ஏற்பாடு இதுதான்: ஹாலுக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அலுவலருக்கு மட்டும் போட்டுக் காட்டுவது, அந்த நேரத்தில் அப்பா வாயாடியை அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையைக் காட்ட அழைத்துப் போய்விடுவது. வாயாடி துள்ளிக்கொண்டு போனாள்.

ஹாலில் கூட்டம் நெரிந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று தவிக்கிற புதுப் பெற்றோர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். குழுவில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, கற்றதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். இந்தப் பெற்றோர்கள் எல்லோரும் தரவரிசை வேண்டாம், ஒப்பித்தல் வேண்டாம், மேடை வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவர்கள். ஓடி வந்து, வாடகைக்கு ஹால் பிடித்து, மேடை போட்டு, தங்கள் பிள்ளை மற்ற பிள்ளையைவிட எத்தனை நிமிடம் தடங்கல் இல்லாமல் பேசியது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்காரிக்கு இது அன்று உறைக்கவில்லை. தன் பிள்ளை பேசினால் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அலுவலர் தாமதமாக வந்தார். சின்ன அறை முழுக்கப் பைகளும் செருப்புகளும் கிடந்தன. பெரியக்கா கையை நீட்டினாள். "போனைக் குடும்மா. இங்கேயே ஸ்பீக்கர்ல போட்டுடலாம்."

"ஐயோ அக்கா, அவங்களுக்கு மட்டும்னு சொன்னீங்களே."

"இங்க இருக்கறவங்க யாரு, வெளியாளா? நம்ம குடும்பம்தானே. இந்தப் புதுசா வந்தவங்க கேட்டா அவங்களுக்கும் ஒரு தைரியம் வரும். எத்தனை பிள்ளைங்க உன் பிள்ளை மாதிரி நின்னுட்டு இருக்கோ!"

அம்மாக்காரி போனைக் கொடுத்தாள். பிடுங்கிக்கொண்டார்கள் என்று பிறகு தனக்குத் தானே எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். யாரும் பிடுங்கவில்லை. கொடுத்தாள்.

நடனத்துக்கான ஸ்பீக்கர் அது, பெரியது. வாயாடியின் குரல் ஹால் முழுக்க நிறைந்தது. "பாவம் அது" என்றபோது கூட்டம் உருகிச் சிரித்தது. "கப்புனு பிடிச்சுக்கும்" என்றபோது ஒருவர் தொடையைத் தட்டினார். அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அம்மாக்காரிக்கு மனசு குளிர்ந்தது. திமிர் பிடித்த பிள்ளை, வளர்த்த லட்சணம், இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக்கெல்லாம் அந்த ஸ்பீக்கர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நாத்தனார் இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள்.

கண்ணாடியில், கூட்டத்துக்குப் பின்னால், கதவருகே வாயாடி நின்றுகொண்டிருந்தாள்.

வேறொரு கட்டடத்தில் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதாக அப்பாவுக்கு அழைப்பு வந்திருந்தது. "அம்மா உள்ள இருக்காடா, போ" என்று ஹால் கதவில் விட்டுவிட்டு அவர் ஓடியிருந்தார். வாயாடி தன் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாக்காரி ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். கைக்கு எட்டும் தூரம்தான். ஆனால் முகத்திலிருந்த சிரிப்பு உடனே இறங்க மாட்டேன் என்றது. அதை இறக்குவதற்குள் பதிவு முடிந்துவிட்டது. வெட்டிய இடத்தில், சுத்தமாக.

கைதட்டல் எழுந்தது. பெரியக்கா திரும்பினாள். "அட, இதோ வந்துட்டாங்களே நம்ம பேச்சாளர்!" என்றாள் கை நீட்டி.

மொத்த ஹாலும் திரும்பி அவளைப் பார்த்தது. எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே, இன்னொரு முறை பேச மாட்டாளா என்ற ஆசையோடு. வாயாடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அம்மாக்காரி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவள் இரண்டு கைகளாலும் பாவாடையை முன்பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நனையவில்லை. நனைந்துவிடக் கூடாதே என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. கோபம், போகப் போகச் சரியாகிவிடும் என்று அம்மாக்காரி நினைத்தாள். மறுநாள் பல் துலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நுரையோடு எந்தப் பேச்சும் வரவில்லை.

"என்கிட்டயும் பேச மாட்டேங்கறா. நான் என்ன பண்ணேன்?" என்று அப்பா கேட்டார். அப்புறம் அவரே, "அந்தக் கதவுல கொண்டுவந்து விட்டது நான்தானே" என்று சொல்லிக்கொண்டார். வாயாடி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பெயர் இப்போது கிண்டல் மாதிரி இருந்தது.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக் கல்வியைத் தொடரலாம் என்று அனுமதி. குழந்தையின் பேச்சுத் திறன் வயதுக்கு மீறிச் சிறப்பாக இருப்பதாக ஒரு பாராட்டு வேறு. அம்மாக்காரி அதை இரண்டாக மடித்து அலமாரியில், சேலைக்கு அடியில் வைத்தாள். பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்று மகளிடம் சொன்னபோது, அவள் தலையை ஆட்டினாள். மன்னிப்புக் கேட்டபோதும் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்கிறாளா, கேட்டது போதும் என்கிறாளா, யார் கண்டது?

வேலையில் மட்டும் குறையே இல்லை. காலையில் மேஜைக்கு வருவாள். உட்காருவதற்கு முன்னால் அந்தத் துணியைத் தூக்கி அடியில் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதை மறுபடியும் நாலாக மடித்து வைப்பாள். பிறகு உட்கார்ந்து ஸ்குரூ பிரிப்பாள். தினமும் அப்படித்தான். அம்மாக்காரி போனைக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்தாள், மகள் பார்க்கும்படியே வைத்தாள். அப்படியும் மறுநாள் துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

பெரியக்காவிடம் சொன்னதற்கு, பழைய மருந்தே கிடைத்தது. "பக்கத்துல உக்காரு. கையில வேலையைக் குடு. கேள்வி கேக்காதே. தானா வரும்மா." பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அலுவலகம் அனுமதி கொடுத்ததைக் குழுவில் எல்லோருக்கும் சொன்னதாகவும், பதிவு செய்கிற யோசனையை இன்னும் சில குடும்பங்கள் எடுத்துக்கொண்டதாகவும் பெரியக்கா சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒரு நாள் முற்பகலில் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாக்காரி படுக்கையறையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மேஜைக்கே வந்தாள். ஒளித்துப் பேசுவதாக மகள் நினைத்துவிடக் கூடாது என்ற பயம். எதிர்முனையில் ஒரு இளம்பெண். குரலிலேயே அழுகை.

"பெரியக்காதான் உங்க நம்பர் குடுத்தாங்க. என் பையனும் உங்க பொண்ணு மாதிரிதாங்க, வெளியில வாயே திறக்க மாட்டேங்கறான். ஆபீஸ்லேர்ந்து வரப்போறாங்க. நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். அவன் பேசறதைத் தெரியாம பதிவு பண்ணச் சொன்னாங்க."

வாயாடியின் கை ஸ்குரூக்களின் மேல் நின்றது.

"பண்ணாதேம்மா" என்றாள் அம்மாக்காரி. "நான் அப்படித்தான் பண்ணேன். என் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா. அந்த இடத்தை வெட்டிட்டு ஊருக்கே போட்டுக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினாங்க, நானும் சிரிச்சுக்கிட்டு நின்னேன். அனுமதி கிடைச்சுது. அன்னையிலேர்ந்து அவ என்கிட்டயும் பேசறதில்லை. உன் பையன்கிட்டயே கேளு. வேண்டாம்னு சொன்னா விட்டுடு, அப்புறம் என்ன ஆனாலும் சேர்ந்து பாத்துக்குங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பெண்ணுக்காகத்தான் சொன்னாள். ஆனால் பாதி வார்த்தைகள் பக்கத்தில் இருந்த காதுக்காகச் சொன்னவை. உண்மையைச் சொன்னதற்கும் கையோடு ஒரு கூலி கிடைத்துவிடாதா என்ற நப்பாசை. எதிர்முனையில் அந்தப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயாடி எழுந்தாள். அம்மாவின் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள். திரையைக் கூர்ந்து பார்த்தாள். பதிவு ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வாளி தடதடவென்று நிறைய ஆரம்பித்தது.

அழைப்பை எப்படியோ முடித்துவிட்டு அம்மாக்காரி நடையில் வந்து நின்றாள். தண்ணீர் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் இருந்தது. அது பேச்சு. ஏறி இறங்கி, நடுவில் ஒரு கேள்வி மாதிரி நின்று, மறுபடியும் தொடர்கிற பேச்சு. வாயாடி பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று தெரியவில்லை; வாளியிடமாக இருக்கலாம். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பிடிபடக் கூடாது என்றுதானே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள்! தினமும் குளியலறையில் ஏன் இத்தனை தண்ணீர் செலவாகிறது என்பது அப்போதுதான் அம்மாக்காரிக்குப் புரிந்தது.

குரல் போகவில்லை. அது போதும், அப்படியே விட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எந்தத் தாய்க்கும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள், சற்று முன் சொல்லியும் இருந்தாள். ஆனாலும் கால் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, என்ன பேசுகிறாள் என்று ஒரே ஒரு வார்த்தை. மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்துக் கதவில் காதை வைத்தாள். பழைய கதவு அது, கீல் லேசாக முனகியது.

உள்ளே பேச்சு நின்றது. அம்மாக்காரி அசையாமல் நின்றாள். வாளி நிறைந்து வழிந்து, கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் அவள் கால்விரல்கள் வரை வந்தது. வாயாடி குழாயை மூடவும் இல்லை, மறுபடி பேசவும் இல்லை.